மூக்கன் மகன்

விரிப்பை மாற்ற அப்பாவை ஒருக்களித்துப் பிடித்தபோது சிவரஞ்சனிக்கு அவருடைய விலா எலும்புகள் ஒவ்வொன்றும் உள்ளங்கையில் தனித்தனியாகத் தட்டுப்பட்டன. அந்தப் பக்கம் நின்ற அம்மா வேலம்மாள் பழைய விரிப்பைச் சுருட்டி இழுத்தாள். நனைந்திருக்கவில்லை. நேற்று மதியத்துக்குப் பிறகு சிறுநீர் வரவில்லை.

"காய்ஞ்சுதான் இருக்குது. எதுக்கு அவரைப் புரட்டிக்கிட்டு?" என்றாள் வேலம்மாள்.

"முதுகு புண்ணாயிரும்மா."

வேலம்மாள் மகளை ஒரு முறை பார்த்தாள். இனி முதுகு புண்ணாவதற்கு எத்தனை நாள் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. சுருட்டிய விரிப்போடு வெளியே போனாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டை மேல் அவள் தார்ப்பாயை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

குழந்தைவேல் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "கடுதாசி வந்துச்சா?"

"இன்னும் வரலீங்கப்பா."

"வந்தா உடனே சொல்லோணும். தூங்கறேன்னு விட்டறாத."

"சொல்றேன்ப்பா."

கடிதம் வந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வாசலில் நின்ற அவளுடைய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

எட்டு மாதங்களுக்கு முன்பு, அருணாசலப் பிரதேசத்தில் ரோடு போட ஒரு மலைச்சரிவை அறுத்தபோது மண்ணுக்குள் மூடிக் கிடந்த பதுங்குகுழி ஒன்று வெளிப்பட்டது. அதில் ஐந்து பேரின் எலும்புகள் இருந்தன. அறுபத்திரண்டாம் வருடச் சீனச் சண்டையில் அந்த இடத்தில் காணாமல் போனவர்கள் என்று பட்டாளத்தின் பதிவேட்டில் இருந்த பெயர்களும் ஐந்து. அதில் ஒன்று மூக்கன், மஞ்சக்குட்டை, சேலம் ஜில்லா. அவருடைய மகன் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு ஆள் வந்தது. குழந்தைவேல் அப்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். மிளகுக் கொடிக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து, "நான்தானுங்க" என்றார்.

சிவரஞ்சனி ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். டி.என்.ஏ. மாதிரிக்காக வந்தவர் கொடுத்த பஞ்சுக்குச்சிகளை வாங்கி அவளே அப்பாவின் உள்கன்னத்தில் தேய்த்து எடுத்தாள். அதன் பிறகு இரண்டு மாதத்தில் அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சேலத்தில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள். வீடு திரும்பிய நாளிலிருந்து அவர் வலியைப் பற்றிப் பேசியதைவிடக் கடிதத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். அவர் பிறக்கும் முன்பே போன அப்பா. காணவில்லை என்று மட்டுமே தந்தி வந்ததால் மூக்கனுக்குக் கருமாதி நடக்கவில்லை. முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளில் அவருக்கு இலை போட்டதில்லை. எலும்பு வந்தால் மண் போட்டுக் கருமாதி முடித்துவிடலாம் என்று குழந்தைவேல் ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். அளிக்கப்பட்ட மாதிரி தரமானது. ஐவரில் நால்வர் அவரவர் குடும்பத்தாரின் மாதிரிகளைக் கொண்டு அடையாளம் காணப்பட்டுவிட்டனர். எஞ்சிய ஒருவருக்கும் குழந்தைவேலுக்கும் தந்தை–மகன் உறவு இல்லை. மூக்கனின் உடன்பிறந்தார் அல்லது தாய்வழி இரத்த உறவினர் எவரேனும் இருந்தால் மாதிரி அளிக்கலாம். இல்லாவிட்டால் இம்மாத இறுதியில் எஞ்சிய எலும்புகள் அடையாளம் தெரியாதவராக அங்கேயே அடக்கம் செய்யப்படும்.

முதல் நாள் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கையுறை போட்டேனா, உறையை மாற்றி ஒட்டினேனா என்று. மறுநாள் கடிதத்தை எடுத்து, நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதத்தில் படித்தாள். மாதிரி தரமானது என்று தெளிவாக இருந்தது.

காலை பத்து மணிக்கு மேல் குழந்தைவேலின் மூச்சுக்கு இடையே இடைவெளி கூடியது. சிவரஞ்சனி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு முழு நிமிடம் எண்ணினாள். இன்னொரு நிமிடமும் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவருகே நின்று, "அம்மா, களத்தை விட்டுட்டு வாங்க" என்றாள்.

* * *

தம்பி சிவக்குமார் ஏற்காடு பஸ் நிலையத்தில் ஜீப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் ஏறியவர்களை இறக்கிவிட்டு வெறும் ஜீப்போடு வந்தான். கூடத்தில் அப்பாவைக் கிடத்தி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். பகல் பன்னிரண்டுக்குள் வீடு நிறைந்துவிட்டது. குழி வெட்ட நாலு பேர் கடப்பாரையோடு கிளம்பினார்கள்.

மாரமங்கலத்திலிருந்து மாதம்மாள் வந்தாள். மூக்கனின் தங்கை. மூக்கனோடு பிறந்தவர்களில் இருப்பது அவள் ஒருத்திதான். எழுபத்தாறு வயதுக்கு முதுகு கூனாமல் நடந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், குழந்தைவேலின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அத்தை வந்திருக்கேன் சாமி. இப்படியா சில்லுனு கெடப்ப?"

பிறகு திரும்பி, "யாருடா தாடையக் கட்டுனது? கல்யாண மாப்பிள்ளைக்குத் தலைப்பாக் கட்டுன மாதிரி முடிச்சு மேல நிக்குது. அவுத்துக் கட்டுங்க" என்றாள். முடிச்சுப் போட்ட ஆள் மறு பேச்சுப் பேசாமல் அவிழ்த்துக் கட்டினார்.

ஒரு மணிக்கு, சேலத்திலிருந்து பஸ்ஸில் கமலக்கண்ணன் வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னாள் படைவீரர் ஆபீசுக்காகக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்த்து வரும் வேலையை இப்போது செய்கிறார். முதல் முறை மாதிரி வாங்க வந்தவரும் அவர்தான். சாவுச் செய்தி அவருக்கு ஏற்காட்டில் பஸ் மாறும்போதுதான் தெரிந்திருக்கிறது. ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் ஃபைல், கக்கத்தில் குடை. மாலையைச் சாத்தி, விறைப்பாக நின்று வணங்கிவிட்டு வெளியே வந்தார். சிவக்குமார் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

"இருபது கொண்டை ஊசியிலயும் எனக்குக் கொடலு வெளிய வந்துருச்சு தம்பி. பட்டாளத்துல பதினஞ்சாயிரம் அடியில நின்ன ஆளு நான்" என்றவர், சொன்ன இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. இந்த நாள்ல வந்து நிக்க வேண்டியதாப் போச்சு. லெட்டருக்குப் பதில் வரல. மாசக் கடைசிக்கு ஒம்பது நாள்தான் இருக்குது."

"எந்த லெட்டருங்க?"

கமலக்கண்ணன் ஃபைலைப் புரட்டினார். "உங்க அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே."

கொஞ்ச நேரத்தில் சிவக்குமார் அக்காவைக் களத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டான். அவள் ஸ்கூட்டர் சீட்டைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். தார்ப்பாயின் மடிப்பில் தேங்கிய தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றுகொண்டு அவன் படித்தான். இரண்டு முறை படித்தான்.

"அப்படீன்னா தாத்தா அந்தக் குழியில இல்ல. வேற எங்கியோ கெடக்கறாரு. அவ்வளவுதான?"

"அப்படியும் இருக்கலாம்."

"அப்படியும்னா?"

சிவரஞ்சனி ஐவரில் நால்வர் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் கடிதத்தை மறுபடி பார்த்தான். ஐந்து பேர் காணாமல் போனார்கள், ஐந்து பேர் கிடைத்தார்கள், நாலு பேருக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவன் முகம் மாறியது.

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. இதை அடுப்புல போடு."

நாற்காலியில் இருந்தபடியே கமலக்கண்ணன் கேட்டார். "தம்பி, அந்தப் பெரியம்மா, முடிச்சை மாத்தச் சொன்னாங்களே, அவங்க யாருங்க?"

"தூரத்துச் சொந்தம்" என்றான் சிவக்குமார்.

கமலக்கண்ணன் அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வேலையில் பல வீடுகளைப் பார்த்தவர். குரலைத் தணித்துச் சொன்னார். "நான் யாரையும் விசாரிக்க வரல. இப்படிப் பொருந்தாமப் போனதுல இது நாலாவது ஊடோ அஞ்சாவது ஊடோ எனக்கு. வேற ரத்த உறவு யாரும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் நான் வாங்கிக்கிட்டுப் போயிருவேன். அங்க மரியாதையாத்தான் அடக்கம் பண்ணுவாங்க. துப்பாக்கி மரியாதை உண்டு. கல்லுல பேரு மட்டும் இருக்காது."

"குடுங்க, எழுதறேன்" என்றான் சிவக்குமார்.

"அந்தக் குழியில கெடைச்ச சாமான் போட்டோக்களைக் கொஞ்சம் எடுங்க" என்றாள் சிவரஞ்சனி.

* * *

மாதம்மாள் வீட்டுக்குப் பின்னால் ஆரஞ்சு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒற்றையடிப் பாதையில் வந்ததால் அட்டை ஏறியிருந்தது. ஒன்றைப் பிய்த்து எறிந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்தது. சிவரஞ்சனி பக்கத்தில் குந்தி, போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பூட்ஸின் அடித்தோல். பித்தளைப் பொத்தான்கள். பாதிச் சீப்பு. தகரக் குவளையின் மூடி. கிழவி ஒவ்வொன்றையும் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

கடைசிப் படத்தில் ஒரு அளவுகோலுக்குப் பக்கத்தில் வளைந்த இரும்புத் துண்டு இருந்தது. கீழே, இன்னதென்று தெரியாத உலோகப் பொருள், ஐந்தாம் நபர், இடுப்புப் பகுதி என்று எழுதியிருந்தது. எட்டு மாதம் முன்பு அப்பா இந்தப் படத்தை வெகு நேரம் வைத்திருந்து, "தெரியலீங்களே" என்று திருப்பிக் கொடுத்திருந்தார்.

"இது எப்படி இவனுங்ககிட்டப் போச்சு?" என்றாள் மாதம்மாள்.

"என்னதுங்க ஆயா இது?"

"சக்கிமுக்கி இரும்பு. எங்கய்யனோடது. கல்லுல ஒரசி நெருப்புப் பத்த வெக்கறது."

"நல்லாப் பாருங்க. எல்லாச் சக்கிமுக்கியும் இப்படித்தான இருக்கும்?"

"என்னத்தப் பாக்கறது? இந்த முனை தெறிச்சிருக்குதா? நான்தான் ஒடைச்சேன். பலாக்கொட்டை ஒடைக்கறேன்னு கல்லுமேல வெச்சுப் போட்டேன் ஒரு போடு. எங்கய்யன் எம் முதுகுல போட்டாரு." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை மறுபடி வாங்கினாள். "லீவு முடிஞ்சு போறப்ப எங்கண்ணன் இதைக் கேட்டான். அங்க பனியில தீப்பெட்டி நனைஞ்சு போயிருதாம். பீடி பத்த வெக்க வழியில்லையாம். எங்கய்யன் இடுப்புல இருந்து அவுத்துக் குடுத்தாரு."

அவள் அழவில்லை. விரலால் அந்தத் தெறித்த முனையைப் படத்தின் மேல் தடவினாள்.

சிவரஞ்சனி கேட்டாள். "ஆயா, அப்பா எப்பப் பொறந்தாரு?"

"இன்னிக்கா கேப்ப இதை?"

"இன்னிக்கு விட்டா முடியாதுங்க."

மாதம்மாள் கூடத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "எங்கண்ணன் போயி நாலாவது வருசம். ஐப்பசியில. அடைமழை. நான்தான் வெந்நி வெச்சேன்."

"ஸ்கூல் சர்டிபிகேட்ல அறுபத்து மூணு ஜூன் ஒண்ணாம் தேதின்னு இருக்குது."

"அதெல்லாம் வாத்தியாரு போட்டது. எங்க எல்லாத்துக்குமே ஜூன் ஒண்ணுதான். வருசத்தை மட்டும் ஊர்க்கவுண்டரு சொன்னாரு, மூக்கன் போன வருசத்தை ஒட்டி எழுதிக்குங்கன்னு."

"அப்ப எங்க தாத்தா..."

"உங்க தாத்தன் மூக்கன்."

"ஆயா..."

"கேளு கண்ணு. எங்கண்ணனைக் காணலைன்னுதான் எழுதுனாங்க. செத்தான்னு எழுதல. அண்ணிக்குத் தாலி எறக்க வழியில்ல. வேற ஊட்டுக்குக் கட்டிக்குடுக்கவும் வழியில்ல. இருபது வயசுப் புள்ளைய என்ன பண்றது? ஊரு கூடிப் பேசுனாங்க. மூக்கன் ஊட்டுல இருந்துக்கிட்டு, மூக்கன் காட்டைப் பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் அவளுக்குப் பொறக்கறது மூக்கன் புள்ளைன்னு முடிவாச்சு. எங்கய்யன் எந்திரிச்சு நின்னு ஒத்துக்கிட்டாரு. அவரு வேட்டியிலதான் தூளி கட்டுனோம்."

"அந்த ஆளு யாருங்க?"

"யாரா இருந்தா உனக்கென்ன? அவனும் செத்து இருவது வருசமாச்சு. ஒரு நாளும் இந்த வாசல்ல வந்து எம்புள்ளைன்னு நின்னதில்ல. அது வரைக்கும் நல்ல மனுசன்."

சிவரஞ்சனி போட்டோக்களை அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி கலைத்து அடுக்கினாள். "இதை ஏன் ஆயா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? மாதிரி எடுக்கறாங்கன்னு உங்களுக்கும்தான தெரியும்? அன்னிக்கே உங்ககிட்ட எடுத்திருந்தா இந்நேரம் எலும்பே வந்திருக்கும்."

மாதம்மாளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "மவனைக் கூப்புட்டாங்க. மவன் போனான். இதுல நான் சொல்றதுக்கு என்ன இருக்குது?"

"அது ரத்தத்தைப் பாக்குறது ஆயா. ஊரு பேசினதைப் பாக்காது."

"அம்புட்டுப் படிச்சவங்க, விசாரிக்க மாட்டாங்களா?"

கிழவி நிஜமாகவே கேட்டாள். சிவரஞ்சனி வேறொன்றைக் கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? பன்னெண்டு வயசுல எந்தப் பயலோ சொல்லிட்டான்னு மாரமங்கலத்துக்கு நடந்தே வந்துட்டான். அப்படியா அத்தைன்னான். ஆமா சாமின்னேன். சோறு போட்டேன், தின்னான். மறுநா விடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிட்டான். அப்பறம் கேக்கவே இல்ல."

உள்ளே புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும், அழுகை ஒரு தரம் உயர்ந்தது. சிவரஞ்சனிக்குப் பஞ்சுக்குச்சி எடுத்த நாள் ஞாபகம் வந்தது. கையுறையை மாட்டிக்கொண்டே அவள் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எலும்பில் இருப்பதும் கன்னத்துச் சதையில் இருப்பதும் ஒன்றாக இருக்கும், அறுபது வருடமானாலும் அழியாது என்று. அவர் கேட்டார், "இதுல எல்லாமே தெரிஞ்சிருமா?" அவள் சொன்னாள், "எல்லாமே தெரிஞ்சிரும்ப்பா." கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவில் கை வைத்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கமலக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அப்பா திரும்பி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறந்தார்.

* * *

"அவரைக் கூடத்துல போட்டுட்டு, அவரு யாருக்குப் பொறந்தாருன்னு எழுதிக் குடுக்கப் போறியா?" சிவக்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பின்வாசல் பக்கம் அவர்கள் மட்டும் நின்றார்கள்.

"அவரு அப்பா எலும்பைக் கேட்டாரு. அது அங்க இருக்குது. ஆயா சக்கிமுக்கியை அடையாளம் சொல்லிட்டாங்க. ரத்தம் மட்டும்தான் பாக்கி."

"சக்கிமுக்கியச் சொல்லியே குடுக்கச் சொல்லு."

"கேட்டேன். ஒரு சாமானை வெச்சு ஆளை முடிவு பண்ண மாட்டாங்களாம். ஆயா குடுத்தாத்தான் ஆகும்."

"ஆயாவோடது பொருந்துச்சுன்னா? அண்ணன் தங்கச்சின்னு எழுதுவான். கீழயே அப்பா மவன் இல்லைன்னும் எழுதுவான். தாசில்தாரு, பட்டாளத்துக்காரன் எல்லாரும் பொட்டிய எடுத்துக்கிட்டு இங்க வந்து நிப்பான். ஊருக்கு நடுவுல அதைப் படிப்பான். நாளைக்கு நான் ஜீப்புல ஆள் ஏத்தறப்ப எம் பின்னாடி என்ன பேசுவாங்க?"

"உம் பின்னாடி பேச என்னடா இருக்குது?" மாதம்மாள் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. "ஊர்ல அம்பது வயசுக்கு மேல இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. ஜீப்பு ஓட்டறவனுக்கு ரோட்டைத் தவிர என்ன தெரியும்?"

சிவக்குமார் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

வேலம்மாள் உள்ளிருந்து வந்தாள். கோடித் துணி எடுக்க வந்தவள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. "சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும்" என்றாள். "எட்டு மாசமா அந்த மனுசன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. எலும்பு வந்துச்சா, எலும்பு வந்துச்சான்னு. நான் யாரு மவன்னு எங்கிட்ட ஒரு நாள் கேட்டதில்ல." துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிவக்குமார் காப்பி மூட்டை மேல் உட்கார்ந்தான். குழி வெட்டப் போனவர்களில் ஒருத்தன் வந்து, பாறை தட்டுகிறது, இன்னொரு கடப்பாரை வேண்டும் என்றான். சிவக்குமார் எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து அதே மூட்டையில் உட்கார்ந்தான்.

"அக்கா."

"சொல்லு."

"அப்பா ஊட்டுல இருக்கற வரைக்கும் எழுதாத. நாங்க தூக்கிக்கிட்டுப் போன பொறவு எழுதிக்க."

* * *

மூன்றரை மணிக்குத் தூக்கினார்கள். சில்வர் ஓக் மரங்கள் தொடங்கும் திருப்பம் வரைக்கும் பெண்கள் போனார்கள். அதற்கு மேல் ஆண்கள் போனார்கள். பனி இறங்கியிருந்தது. பாடை திருப்பத்தைத் தாண்டியதும் தெரியவில்லை, சங்குச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

கமலக்கண்ணன் சாட்சிக் கையெழுத்துக்காக வீட்டிலேயே இருந்தார். கூடத்தில் மேஜையைப் போட்டு ஃபாரத்தை விரித்தார். சிவரஞ்சனி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். மாதம்மாளை மூன்று முறை வாய் கொப்பளிக்கச் சொன்னாள்.

"எதுக்கு? முத்தம் குடுக்கப் போறானா எவனாவது?" என்று முனகிக்கொண்டே கிழவி கொப்பளித்தாள்.

பெயர், வயது, காணாமல் போனவருக்கு என்ன உறவு. உடன்பிறந்த தங்கை. கமலக்கண்ணன் சொல்லச் சொல்ல சிவரஞ்சனி எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனாவால் தட்டினார்.

"முன்பு மாதிரி அளித்தவர், காணாமல் போனவருக்கு என்ன உறவுன்னு கேக்குறான். இதைக் காலியா விட்டுருங்கம்மா. எங்க ஆபீசுல எதுவும் கேக்காம நான் பாத்துக்கறேன்."

"என்ன கேக்கறாரு?" என்றாள் மாதம்மாள்.

"எங்கப்பா உங்க அண்ணனுக்கு என்ன வேணும்னு கேக்கறாங்க ஆயா."

"இதையும் கேக்கோணுமா? மவன்."

"அப்படி எழுதினா, முடிவு வர்றப்ப அது தப்புன்னு அடிச்சு எழுதுவாங்கம்மா" என்றார் கமலக்கண்ணன். "பொட்டி வர்ற அன்னிக்கு அது காகிதத்துல இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் சிவரஞ்சனி.

கட்டத்தில் மகன் என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். கமலக்கண்ணன் ஃபாரத்தைத் திருப்பி, சாட்சி என்ற இடத்தில் தன் பெயரையும் பழைய பட்டாள நம்பரையும் எழுதினார்.

மாதம்மாள் வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டாள். கீழ்த்தாடையில் நாலு பல் இருந்தது. சிவரஞ்சனி வலது கன்னத்தின் உட்புறம் ஒரு குச்சியையும் இடது கன்னத்தில் இன்னொன்றையும் முப்பது வரை எண்ணித் தேய்த்தாள். எடுத்ததும் கிழவி கேட்டாள், "போதுமா? ரத்தங்கூட வரல. எங்காலுல வந்த அளவுக்குக்கூட வரல."

"போதுங்க ஆயா."

உறையில் போடும் முன் குச்சிகள் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு போட்டால் வழியில் பூஞ்சை பிடித்துவிடும். ஒன்றோடொன்று படக்கூடாது, எதன் மேலும் வைக்கக்கூடாது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. அடுப்பு மூட்டவில்லை. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்தது. கமலக்கண்ணனுக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. சிவரஞ்சனி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு குச்சியாக, பஞ்சு மேலே இருக்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வேலம்மாளும் இரண்டு பெண்களும் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். உள்ளறையில் கட்டில் இருந்த இடத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் கூடத்தில் பரவி, மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்களைச் சேர்த்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனது.

"காலைத் தூக்கு" என்றாள் வேலம்மாள்.

சிவரஞ்சனி கைகளை அசைக்காமல் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள்.

"காஞ்சிருச்சாம்மா?" வாசலில் குடையை விரித்தபடி கமலக்கண்ணன் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."